தங்கத்துக்குப் போட்ட தண்டவாளம்
கோலார் தங்கவயல் மாணவர்களின் பெங்களூர்ப் பயணம்: ஒரு வரலாற்றுப் பார்வை

கோலார் தங்கவயலைப் பற்றி எழுத வந்தவர்கள் பெரும்பாலும் பூமிக்குள் இறங்கிவிடுகிறார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்ட சாம்பியன் ரீப் சுரங்கம், பாறை வெடிப்பு, தூசி நோய், வெள்ளைக்காரத் துரைமார்களின் பங்களாக்கள், 2001-இல் சுரங்கம் மூடிய கதை என்று அந்த வரலாறு கீழ்நோக்கியே போகும். அது உண்மையான வரலாறுதான். ஆனால் தங்கவயல்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீங்க எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பலரும் வேறொரு பயணத்தைச் சொல்வார்கள். விடியுமுன் எழுந்து, டிபன் பாக்ஸைப் பையில் வைத்து, மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ ஊரிகத்திலோ வண்டி ஏறி, பெங்களூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, கல்லூரிக்குப் போய், இரவு வீடு திரும்பிய பயணம் அது. கீழே இறங்கியது அப்பா. பக்கவாட்டில் போனது பிள்ளை.

இந்தப் பக்கவாட்டுப் பயணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நூற்றாண்டு கடந்த ஒரு ரயில் பாதை, அதற்கான சீசன் டிக்கெட், பெங்களூர் நகரப் பஸ்ஸின் மாணவர் பாஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு தொழிலாளர் சமூகத்தைப் படித்த சமூகமாக மாற்றிய கதை அது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களில் தங்கவயலோடு தொடர்புள்ளவை ஏராளம். அவர்கள் வீட்டுக் கதை என்பதாலேயே இதை இம்மலரில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

தண்டவாளம் யாருக்காக வந்தது?

மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் கோலார்ப் பகுதியில் தங்கம் தேட அனுமதி கேட்டு மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தது 1873-இல். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் நல்ல தங்கப் படிவம் கண்ணில் பட்டதும் ஊர் பெருகத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து தமிழ், தெலுங்கு பேசும் உழைப்பாளிகள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1901 கணக்கெடுப்பிலேயே தங்கவயலின் மக்கள்தொகை 38 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

ரயில் அதற்கு முன்பே பக்கத்தில் வந்திருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு மெட்ராஸ் ரயில்வேயின் பாதை 1864-இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் இருந்த ஒரு நிலையம் பௌரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூரின் கமிஷனராக இருந்த லூயின் பௌரிங் துரையின் பெயர் அது. இன்று நாம் பங்காரப்பேட்டை என்கிறோம். பங்காரம் என்றால் பொன். ஊருக்குப் பொருந்தும் பெயராகவே அமைந்துவிட்டது.

பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கிளைப் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. பாதை மைசூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே. அகலப் பாதை என்பதைக் கவனிக்க வேண்டும். மாவட்டத் தலைநகரான கோலார் நகரத்துக்கு ரயில் வந்தது 1913-இல், அதுவும் குறுகிய பாதை. கலெக்டர் ஆபீஸ் இருந்த ஊரைவிடச் சுரங்கம் இருந்த ஊருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னதாக, அதைவிடப் பெரிய ரயில் வந்துவிட்டது.

காரணம் எளிது. கனமான இயந்திரங்கள், இரும்பு, மரம், நிலக்கரி எல்லாம் உள்ளே வர வேண்டும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீர்மின்சாரம் சுமார் 148 கிலோமீட்டர் கம்பிவழியே தங்கவயலுக்கு வந்து சேரும்வரை அங்கே எல்லாமே நீராவியில் ஓடியவை. ஆகவே தண்டவாளம் தங்கத்துக்காகப் போட்டது. தொழிலாளி ஏறியது கூடுதல் வரவு. தொழிலாளியின் பிள்ளை புத்தகப் பையோடு ஏறுவான் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

பாதை போட்டவர் நோக்கம் ஒன்று, பயன்படுத்தியவர் கண்ட பயன் வேறொன்று. இதற்கு முதல் அடையாளம் கல்லூரிப் படிப்புக்கு முன்பே தெரிகிறது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு 1907 வாக்கில் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய "தமிழன்" இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்றுபோக, 1926-இல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார். பண்டிதரின் நூல்களையும் தங்கவயல்காரர்களே அச்சிட்டுப் பரப்பினார்கள். வரிசை வீடுகளில், மூங்கில் தட்டி வைத்த குடிசைகளில் வாழ்ந்த மக்கள் பத்திரிகை நடத்தினார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. சென்னையையும் பெங்களூரையும் தொட்டுக்கொண்டிருந்த ரயில் பாதையின் ஓரத்தில் அந்த ஊர் இருந்தது இதற்குப் பெரிய துணை. படிப்பின் மேல் ஏற்பட்ட அந்த ஆசைதான் பின்னால் பிள்ளைகளை வண்டி ஏற்றியது.

சுரங்கம் சுருங்கியது, பாதை நீண்டது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்த சுரங்கங்கள் அவை. தந்தைக்குப் பின் மகன் என்று வேலை கிடைத்தவரை பெங்களூருக்குப் போய்ப் படிக்க வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் இல்லை. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் மத்திய அரசுக்குப் போயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஆனால் தங்கம் குறைந்துகொண்டே வந்தது. 1964-இல் தொடங்கிய பெமல் தொழிற்சாலை ஒரு பகுதியினருக்குக் கைகொடுத்தது. மற்றவர்கள் என்ன செய்வது? "சுரங்க வேலை நம்மளோட போகட்டும், நீ படி" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கத் தொடங்கியது. பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன அப்பாக்கள் சொன்ன பேச்சு அது. சும்மா சொன்னதில்லை.

தங்கவயலில் பள்ளிகள் உண்டு. கல்லூரிப் படிப்புக்கும் வழி ஏற்பட்டது. 1986-இல் பொறியியல் கல்லூரியும் வந்தது. ஆனாலும் முதுகலை, சட்டம், சில தொழிற்படிப்புகள், விரும்பிய பாடப்பிரிவு என்று வரும்போது பெங்களூர்தான் கதி. நகரத்தில் 1858-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்ட்ரல் கல்லூரி, 1882-இல் தோன்றிய செயின்ட் ஜோசப்ஸ், 1917-இல் விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியால் வந்த பொறியியல் கல்லூரி, 1948-இல் பெண்களுக்காகத் தொடங்கிய மவுண்ட் கார்மல் எல்லாம் இருந்தன. 1964-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது.

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கலாமே என்று கேட்கலாம். சுரங்கத் தொழிலாளியின் சம்பளத்தில் மூன்று நான்கு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அல்சூரிலோ, மர்பி டவுனிலோ, காக்ஸ் டவுனிலோ மாமா வீடு, சித்தி வீடு இருந்தவர்கள் கொஞ்ச நாள் தங்கினார்கள். ஆனால் சொந்தக்காரர் வீட்டிலும் ஒரே அறைதானே இருக்கும்? எத்தனை நாள் தங்குவது? மீதி எல்லோருக்கும் வழி ஒன்றே: தினமும் போய் வருவது.

இங்கேதான் சீசன் டிக்கெட் வருகிறது. இந்திய ரயில்வேயின் சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் தூரம் வரை கிடைக்கும். தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் 90 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம்தான். ஆகவே ஊர் அந்த வட்டத்துக்குள் வசதியாக அடங்கிவிட்டது. சீசனே மலிவு, மாணவருக்கு அதிலும் பாதிக் கட்டணம். ஒரு மாதம் முழுக்கப் போய்வர ஆகும் செலவு, தனித்தனி டிக்கெட் எடுத்துச் சில நாள் போய்வரும் செலவுக்குள் முடிந்துவிடும். "ஹாஸ்டல் பீஸ் எங்க, சீசன் பாஸ் எங்க!" என்று அம்மாக்கள் கணக்குப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. தங்கவயல் பிள்ளைகளுக்கு ரயில் பெட்டிதான் ஹாஸ்டல். அந்தப் பெட்டியிலேயே படித்தார்கள், நோட்ஸ் எழுதினார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். "சுவர்ணா" என்று பெயர் பெற்ற வண்டியை ஊரில் வீட்டு ஆளைச் சொல்வது போலவே சொல்வார்கள்: "சுவர்ணா வந்துருச்சா?"

எங்கே இறங்குவது?

பெரிய நகரத்தில் பொதுப் போக்குவரத்தை வைத்துக்கொண்டு வாழ்வது ஒரு கலை. பெங்களூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு நகரம் என்பது பேட்டைகளும் சாலைகளும். தங்கவயல் மாணவனுக்கு அது வரிசையாக வரும் ஸ்டேஷன்கள். பங்காரப்பேட்டை தாண்டி, டேக்கல், மாலூர், தேவனகொந்தி, ஒயிட்பீல்டு, கிருஷ்ணராஜபுரம், பையப்பனஹள்ளி, பெங்களூர் ஈஸ்ட், கண்டோன்மெண்ட், கடைசியில் சிட்டி. எந்த ஸ்டேஷனில் இறங்கினால் எந்தக் கல்லூரிக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் என்பதுதான் அவன் படித்த முதல் பாடம்.

மவுண்ட் கார்மலுக்குப் போகும் பெண்கள் கண்டோன்மெண்டில் இறங்கி நடந்தே போகலாம். சிவாஜிநகர் பஸ் நிலையமும் அங்கிருந்து தொலைவில்லை. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் வேலை என்றால் ஈஸ்ட். சென்ட்ரல் கல்லூரி, விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரி, நிருபதுங்கா சாலைப் பக்கம் என்றால் சிட்டி வரை போய், நேரம் இருந்தால் நடை, இல்லாவிட்டால் பஸ். பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் முதுகலை படித்தவர்கள்தான் பாவம். நகரத்தின் கிழக்குக் கோடியில் நுழைந்து மேற்குக் கோடிக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். சிட்டியில் இறங்கி, எதிரே மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, மறுபடி ஒரு பயணம்.

மெஜஸ்டிக் என்பது ஒரு சினிமா தியேட்டரின் பெயர். அந்தப் பெயரே வட்டாரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பஸ் நிலையம் இருப்பது தர்மாம்புதி என்ற பழைய ஏரியின் படுகையில். நகரப் பஸ்களை 1940 முதல் பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஓட்டியது. 1956-இல் அரசு அதை எடுத்துக்கொண்டு பி.டி.எஸ். என்ற அமைப்பின் கீழ் நடத்தியது. 1997 ஆகஸ்டில் அது பி.எம்.டி.சி. ஆயிற்று. பெயர் மாறினாலும் மாணவர் பாஸ் நின்றுவிடவில்லை. ஆகவே தங்கவயல் மாணவனின் சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு பாஸ் இருக்கும்: ஒன்று ரயிலுக்கு, ஒன்று பஸ்ஸுக்கு. இரண்டையும் வாங்கக் கல்லூரியின் சான்றிதழ், கையெழுத்து, முத்திரை, போட்டோ, கியூ. ஜூன், ஜூலை மாதத்தில் முதல் வாரப் படிப்பே அதுதான்.

அந்த நகரப் பஸ் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. தங்கவயலில் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். கன்னடம் பாடமாக இருந்தாலும் பேசிப் பழகும் வாய்ப்பு பலருக்குக் குறைவு. பெங்களூரில் பஸ்ஸின் நெற்றிப் பலகை கன்னடத்தில் இருக்கும். அதை வாசித்தால்தான் ஏற முடியும். கண்டக்டரிடம் இரண்டு வார்த்தை பேசினால்தான் இறங்க வேண்டிய இடம் தெரியும். அப்படிக் கட்டாயத்தில் கற்ற கன்னடம் பிறகு வேலைக்கும் ஆயிற்று, நட்புக்கும் ஆயிற்று. இரு மொழி மக்கள் ஒன்றாக உட்கார்ந்து போகும் இடமாக அந்தப் பஸ்ஸும் ரயில் பெட்டியும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

மறக்க முடியாத நாட்களும் உண்டு. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை அடுத்து, பெங்களூரில் தமிழர் மீது வன்முறை நடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் பையில் பாஸ் இருந்தும் பயன் இல்லை. பிள்ளை வீடு வந்து சேரும்வரை பெற்றவர்கள் வாசலிலேயே நின்ற நாட்கள் அவை. பொதுப் போக்குவரத்தை நம்பி வாழ்பவனுக்கு ஊரின் அமைதியும் டிக்கெட்டைப் போலவே அவசியம்.

பெண்கள் வண்டி ஏறியபோது

ஆண் பிள்ளை போகலாம், சரி. பெண் பிள்ளை தினமும் இருட்டில் போய் இருட்டில் வருவதா? ஆரம்ப காலத்தில் இந்தக் கேள்வியே பல பெண்களின் படிப்பை நிறுத்தியது. நிலைமை மெல்ல மாறியதற்கு மகளிர் பெட்டியும், பக்கத்து வீட்டுப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து போனதும் முக்கியக் காரணங்கள். "அவ தனியா போகல, பத்துப் பேரோட போறா" என்ற ஒரு பதிலால் எத்தனையோ வீட்டுத் தடைகள் தளர்ந்தன.

கொள்கைகளும் துணை நின்றன. 2008-09 ரயில்வே பட்ஜெட்டில், பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் ஆண்களுக்கும் வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே இலவச இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் என்று அறிவித்தார்கள். 2009-இல் மாதம் 1,500 ரூபாய்க்குள் வருமானம் உள்ளவர்களுக்கு 25 ரூபாயில் 100 கிலோமீட்டர் வரை செல்லும் "இஜ்ஜத்" சீசன் டிக்கெட் வந்தது. அந்த 100 கிலோமீட்டருக்குள்ளும் தங்கவயல் அடங்கியது! 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் "சக்தி" திட்டத்தின் கீழ் மாநிலப் பெண்கள் அரசின் சாதாரணப் பஸ்களில் கட்டணமின்றிப் போகலாம். ரயிலைத் தவறவிட்ட மாணவி பஸ்ஸில் வீடு திரும்பக் காசு எண்ண வேண்டிய நிலை இதனால் போயிற்று. இலவசம் என்றால் ஏளனமாகப் பேசுபவர்கள் உண்டு. அவர்கள் ஒரு கல்லூரி மாணவியின் மாதச் செலவுக் கணக்கை ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும்.

கொடுத்த விலை

இதையெல்லாம் பெருமையாக மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான் ஆகும். பயணத்துக்குக் கொடுத்த விலை பணத்தில் குறைவு, நேரத்தில் அதிகம்.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு மணி. ஆண்டுக்கு 200 நாள் கல்லூரி என்றால் 1,200 மணி. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 3,600 மணி. அதாவது இரவு பகலாக முழுசாக 150 நாள், ஐந்து மாதம், ஒரு மாணவன் வண்டியிலும் பிளாட்பாரத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் கழித்திருக்கிறான். பக்கத்துத் தெருவிலிருந்து வரும் சக மாணவன் அந்த நேரத்தில் நூலகத்தில் இருந்தான், விளையாடினான், டியூஷன் போனான், தூங்கினான். பரீட்சைத்தாள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

வருகைப் பதிவு இன்னொரு தொல்லை. நூற்றுக்கு 75 வருகை இருந்தால்தான் தேர்வு எழுத அனுமதி. வண்டி அரை மணி தாமதமானால் முதல் பீரியட் போச்சு. ஒரு எக்ஸ்பிரஸ் முந்திச் செல்ல வேண்டும் என்று நம் வண்டியை ஓரம் கட்டிவிட்டால் யாரிடம் முறையிடுவது? மாலையில் பிராக்டிகல் நீண்டால் ஊர் வண்டி போய்விடும். அப்புறம் ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் ஏதாவதொரு வண்டியில் பங்காரப்பேட்டை வரை வந்து, அங்கிருந்து ராபர்ட்சன்பேட்டைக்குப் பஸ் தேட வேண்டும். ஆகவே மாலை நேர மன்றங்கள், நாடகம், என்.சி.சி., விளையாட்டு எல்லாவற்றிலிருந்தும் ரயில் மாணவன் தானாகவே விலகிக்கொண்டான். "அவன் எதிலயும் கலந்துக்க மாட்டான்" என்று வாத்தியார் சொல்லியிருக்கலாம். கலந்துகொள்ள ஆசை இல்லாமல் அவன் விலகவில்லை. ஆறு மணி வண்டிக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

அதற்கு ஈடாகக் கிடைத்ததும் உண்டு. அந்தப் பெட்டியில் கல்லூரி மாணவனும், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகும் மேஸ்திரியும், ஆபீஸ் குமாஸ்தாவும், ஆஸ்பத்திரி நர்ஸும் ஒன்றாகப் போனார்கள். எந்த வேலைக்கு எங்கே விண்ணப்பம் போடுவது, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்தப் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் என்ற தகவலெல்லாம் அங்கேதான் கைமாறின. படித்த குடும்பப் பின்னணி இல்லாத பிள்ளைக்கு வழிகாட்டி ஆலோசகர் யார்? எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன்தான்.

மூடிய பிறகு

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூறாண்டுகளுக்கு மேலாக ஊரை எழுப்பிய ஷிப்ட் சங்கின் ஓசை நின்றது. உலகத்தில் சுரங்கம் மூடிய ஊர்கள் பல பேயூர்களாகிப் போயின. தங்கவயல் அப்படி ஆகவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. எனினும் முதற்காரணம் அந்த 16 கிலோமீட்டர் கிளைப் பாதையே என்பது என் துணிபு. அதுவரை மாணவர்கள் மிகுந்திருந்த வண்டியில் இனி அப்பாக்களும் ஏறினார்கள். செக்யூரிட்டி வேலை, கட்டட வேலை, கடை வேலை, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்று பல்லாயிரம் பேர் தினமும் பெங்களூர் போய் வரும் ஊராக அது மாறியது. வழியை முதலில் கண்டவர்கள் மாணவர்கள். குடும்பம் பிறகு அதே வழியில் நடந்தது.

இதை இன்னொரு சுரங்க நாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் எப்வேல் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போன ஊர். அங்கே 1962-இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2002-இல் எஃகு ஆலையும் மூடியது. வேலைக்கும் படிப்புக்கும் தலைநகர் கார்டிபுக்குப் போக ரயில் இல்லை. கடைசியில் 2008-இல் அந்தப் பாதையில் மீண்டும் பயணிகள் வண்டி விட்டார்கள், 46 ஆண்டுகள் கழித்து. தொழில் போன ஊருக்கு முதலில் வேண்டியது நல்ல ரயில் என்பதை அங்கே பாதையை இழந்த பிறகுதான் உணர்ந்தார்கள். தங்கவயலில் பாதை இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. அந்த வகையில் நம் ஊர் கொடுத்துவைத்தது.

இனி என்ன?

நகரம் இன்று வேறு மாதிரி ஆகிவிட்டது. 2011 அக்டோபர் 20-இல் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் இடையே மெட்ரோ தொடங்கியது. 2023 மார்ச்சில் கிருஷ்ணராஜபுரம் முதல் ஒயிட்பீல்டு வரையிலும், அதே ஆண்டு அக்டோபரில் இடையில் விட்டுப்போன துண்டும் திறந்தன. இப்போது தங்கவயல் மாணவி ஒயிட்பீல்டிலோ கிருஷ்ணராஜபுரத்திலோ ரயிலை விட்டிறங்கி மெட்ரோவில் ஏறினால் விதான சௌதா, சென்ட்ரல் கல்லூரி, மெஜஸ்டிக் எல்லாவற்றையும் தாண்டி ஞானபாரதி வரை ஒரே வண்டியில் போகலாம். மேற்குக் கோடிக்குப் போன அந்தப் பழைய முதுகலை மாணவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். 2017-இல் பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டுக் கோலாரைத் தலைமையிடமாகக் கொண்டு பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகம் வந்ததும் ஒரு வசதி.

ஆனால் 2022 ஜூனில் அடிக்கல் நாட்டிய பெங்களூர் புறநகர் ரயில் திட்டத்தின் நான்கு வழித்தடங்களில் கிழக்கே வருவது ஒயிட்பீல்டோடு நிற்கிறது. மாலூரும் பங்காரப்பேட்டையும் தங்கவயலும் அந்தப் படத்தில் இல்லை. நகரத்தின் தினசரி உழைப்பிலும் படிப்பிலும் பங்குள்ள ஊரைப் புறநகர் என்று கணக்கில் எடுக்காதது சரியா? கல்லூரி நேரத்துக்கு வந்து சேரும் காலை வண்டி, பிராக்டிகல் முடிந்து பிடிக்கக்கூடிய மாலை வண்டி, ரயில் பாஸும் மெட்ரோ அட்டையும் ஒன்றாக இணைந்த மாணவர் சலுகை ஆகிய மூன்றையும் கேட்பது நம் உரிமை. கேட்கும் ஊருக்குத்தான் வண்டி வரும்.

இன்னொரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. தங்கவயல் என்றதும் இன்றைய இளைஞர்களுக்குத் திரைப்படம்தான் ஞாபகம் வருகிறது. தொழிலாளர் வரலாற்றை ஜானகி நாயர் போன்ற அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மாணவர் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதற்கான ஆவணங்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. 1960-களின், 70-களின், 80-களின் பழைய சீசன் டிக்கெட், பி.டி.எஸ். மாணவர் பாஸ், கல்லூரி அடையாள அட்டை, வண்டி நேரம் குறித்து வைத்த டைரி, மகளிர் பெட்டித் தோழிகள் எடுத்துக்கொண்ட போட்டோ எதையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். அன்பர்கள் அவற்றைத் தொகுக்க வேண்டும். எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். அவர்களுடைய பேத்தி இன்று சான்பிரான்சிஸ்கோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். தன் குடும்பம் படிப்பை எங்கே தொடங்கியது என்று அவள் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு மஞ்சளடைந்த பாஸாவது இருக்கட்டும்.

கோலார்ச் சுரங்கங்களிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள் என்பது கணக்கு. அதில் தோண்டியவர் வீட்டுக்கு வந்தது மிகக் கொஞ்சம். அதே தண்டவாளத்தில் பிள்ளைகள் தினமும் போய்க் கொண்டுவந்த படிப்பு முழுசாக வீட்டுக்கு வந்தது. அது இன்னும் கைவிட்டுப் போகவில்லை.